வாழைப்பூ கறுப்பதற்கும் முகத்தில் மங்கு விழுவதற்கும் உறவு உண்டு, தெரியுமா?

வாழைப்பூவை ஆய்ந்த கையோடு மோர்த் தண்ணீரில் போடுகிறோம். போடாமல் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்கும் நம் முகத்தில் விழும் கரும்புள்ளிக்கும் உறவு உண்டு, தெரியுமா? வாழைப்பூவைக் கறுக்க வைப்பது செம்பு அணுவைச் சுமந்த ஒரு நொதி. தோலில் மெலனின் என்ற கருநிறத்தை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியும் செம்பைச் சுமந்ததுதான். இரண்டும் உறவுக்காரர்கள்! நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் சீவிய உருளைக்கிழங்கு பழுப்பதும் இதே குடும்பத்தின் வேலை. முகக் கருமையைக் குறைக்கும் என்று ஒரு மூலிகையின் மேல் நம்பிக்கை வந்தால், ஆய்வுக்கூடத்தில் அதைப் பெரும்பாலும் முதலில் சோதிப்பது மனிதத் தோலில் இல்லை. காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸில்தான் சோதிப்பார்கள்!

மோரின் புளிப்பு வாழைப்பூவின் நொதியை அடக்கிவிடுகிறது. அப்படியானால் மோரையும் தயிரையும் முகத்தில் பூசினால் மங்கு போய்விடுமா? இங்கேதான் தோல் ஒரு வித்தை காட்டுகிறது. நிறம் உண்டாக்கும் உயிரணுக்கள் மேல்தோலின் அடித்தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. தயிரின் புளிப்பு அவ்வளவு ஆழம் போய் நொதியை நிறுத்தாது. ஆனால் அது வேறொன்றைச் செய்யும்: தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த செதில்களை மெல்லக் கழற்றிவிடும். மருத்துவர்கள் முகத்தோலை உரித்துப் புதுப்பிக்கப் பயன்படுத்தும் அமிலங்களில் லாக்டிக் அமிலமும் ஒன்று, அங்கே அடர்த்தி அதிகம், அவ்வளவுதான்! பாட்டிமார் கடலைமாவைத் தண்ணீரில் குழைக்காமல் தயிரில் குழைத்ததற்குப் பின்னால் இப்படி ஒரு வேதியியல் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அடித்தட்டில் பிறந்த தோல் உயிரணு மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடுதலாக ஆகும். ஆகவே 3 நாளில் கரும்புள்ளியைப் போக்கும் என்று யார் சொன்னாலும், அது தயிரானாலும் தங்க பஸ்பமானாலும், நம்பாதீர்கள்.

நெகிரி செம்பிலான் வெயில் சாதாரண வெயில் இல்லை

சிரம்பானைச் சுற்றி லாபு, ரந்தாவ், சீலியாவ், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பகாவ் பக்கம் கெடெஸ், கெமெஞ்சே பக்கம் ரீஜெண்ட் என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோட்டங்கள் எல்லாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 பாகைக்குள் இருக்கின்றன. புற ஊதாக் கதிரின் வீரியத்தை உலகம் முழுவதும் ஓர் அளவுகோலில் சொல்கிறார்கள். அதில் 11-ஐத் தொட்டால் 'மிகக் கடுமை'. இங்கே நண்பகலில் அந்த அளவைத் தொடும் நாள்கள் ஏராளம்!

பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்களை இந்த வெயிலிலிருந்து கொஞ்சம் காப்பாற்றியது எது தெரியுமா? மரத்தின் குணம்! குளிர்ந்த விடியற்காலையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடி பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டோடு பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைந்தவர்கள், வெயில் ஏறும்போது மரநிழலில் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெளிக்காட்டு வேலைக்குப் போன பெண்களுக்கோ அந்த நிழலும் இல்லை. களைக்கு மருந்தடிப்பவர்களுக்கு வெயிலோடு மருந்தும் சேர்ந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி தோலைப் புண்ணாக்கும், நகத்தை நிறம் மாற்றிப் பிளக்க வைக்கும். மலேசிய அரசு 2002-இல் அதைத் தடை செய்வதாக அறிவித்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை அக்காமார், எத்தனை சின்னம்மாமார் தோளில் அந்த மருந்துத் தோம்பைச் சுமந்திருப்பார்கள்! நம் மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே எரிச்சல் பட்டாலும், புண் ஆறிய பிறகு அந்த இடத்தில் கருமையை விட்டுச் செல்லும். பருவைக் கிள்ளினாலும் சரி, மருந்து தெறித்தாலும் சரி, முரட்டுத்தனமாகத் தேய்த்தாலும் சரி, முடிவு ஒரே கருமைதான். வீட்டு வைத்தியத்தில் பாதிக்கு மேல் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான் என்பேன். கறையைப் போக்க எரிச்சலான ஒன்றைப் பூசுகிறோம். எரிச்சலே புதுக் கறையை உண்டாக்கிவிடுகிறது.

சாக்கடை ஓரத்தில் முளைத்த அழகு மருந்து

கொரிய நாட்டு அழகுசாதனக் கடைகளில் 'சிக்கா' என்று எழுதிய களிம்புகள் விலை போகின்றன, பார்த்திருப்பீர்கள். அந்தச் சிக்கா என்ன தெரியுமா? நம் வல்லாரை! லயத்து வீட்டுக்குப் பின்னால் ஈரக்கசிவில் தானாகப் படரும் அதே வல்லாரை! மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லி உலாமாகப் பச்சையாகச் சோற்றோடு சாப்பிடுகிறார்களே, அதுதான். அதிலுள்ள ஏசியாடிகோசைட், மடகாசோசைட் போன்ற பொருள்கள் காயம் ஆறும் இடத்தில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகின்றன. மடகாஸ்கர் தீவில் கிடைத்த வல்லாரையைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் 20-ஆம் நூற்றாண்டிலேயே காயத்துக்கு மருந்து செய்துவிட்டார்கள். பரு வந்து ஆறும் தோலுக்கு இதைவிடச் சாதுவான தாவரம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு இல்லை. ஒன்று மட்டும் கவனம்: சாக்கடை ஓரத்து இலையை அப்படியே முகத்தில் அரைத்துப் பூச வேண்டாம். தொட்டியில் நல்ல மண்ணில் வளர்த்து, கழுவி அரையுங்கள்.

வல்லாரைக்குப் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு செடி குப்பைமேனி. இதன் மலாய்ப் பெயர்களில் ஒன்று கூச்சிங் காலாக். பூனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மயங்கிப் புரளும்! செய்து பாருங்கள், அதிசயமாக இருக்கும். இலையை மஞ்சளோடு அரைத்துச் சொறி சிரங்குக்கும் முகத்துக்கும் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். பூசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இலங்கையில் ஒரு பாடம் கிடைத்தது. குப்பைமேனிக் கஞ்சி குடித்த சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோனதை அங்குள்ள மருத்துவர்கள் 1996-இல் பதிவு செய்தார்கள். அவர்கள் எல்லாரும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்தவர்கள். மலேசியாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். உங்கள் பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், முடிவு அதில் இருக்கும். குறைபாடு இருந்தால் இந்த இலை வாய்க்குள் போகவே கூடாது.

தேமலுக்கு வருகிறேன். தோட்டத்தில் பிள்ளைகள் முகத்திலும் கழுத்திலும் வெளுப்பாகத் திட்டுத் திட்டாக வருமே, பூச்சி விழுந்திருக்கிறது, சத்துக் குறைவு என்றெல்லாம் சொல்வார்களே, பல சமயம் அது மலசீசியா என்ற பூஞ்சையின் வேலை. எல்லாருடைய தோலிலும் எப்போதும் குடியிருக்கும் பூஞ்சைதான், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடினால் பெருகிவிடும். இப்போது ஆச்சரியத்தைக் கேளுங்கள். இந்தப் பூஞ்சை உண்டாக்கும் அசெலாயிக் அமிலம் டைரோசினேஸை அடக்கும் தன்மை உடையது. தோலை வெளுக்க வைத்த அந்தப் பூஞ்சையைப் படிக்கப் போய்த்தான் விஞ்ஞானிகள் இந்த அமிலத்தின் அருமையைக் கண்டுகொண்டார்கள். இன்று பருவுக்கும் மங்குக்கும் தோல் மருத்துவர் எழுதித் தரும் களிம்புகளில் அசெலாயிக் அமிலம் முக்கியமானது. கர்ப்பிணிகளுக்குக்கூட ஏற்றது! தேமல் காட்டிய வழியில் மங்குக்கு மருந்து கிடைத்திருக்கிறது!

தேமலுக்கும் படர்தாமரைக்கும் நம் தோட்டங்களில் கசக்கித் தேய்த்தது எது? வாய்க்கால் ஓரத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்ததுபோல மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்குமே, அந்தச் சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வோம், மலாயில் கெலெங்காங். அதிலுள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையைக் கொல்லும். பிலிப்பீன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை அங்கீகரித்த 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று! மலாய்ப் பாட்டிமார் இதே தேமலுக்கு லெங்குவாஸ் கிழங்கை, அதாவது நம் பேரரத்தையை, வெட்டித் தேய்ப்பார்கள். இரண்டுமே காரமானவை. கையிலும் முதுகிலும் தேய்க்கலாம், கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பூஞ்சை செத்த பிறகும் வெளுப்பு மறையப் பல வாரம், சில சமயம் மாதங்கள் ஆகும். மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி மறுபடி தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

வெளுத்த திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையா? அப்படியானால் எந்த இலையும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தொழுநோய் அப்படித்தான் தொடங்கும். சுங்கை பூலோவில் 1930-இல் பெரிய தொழுநோய்க் குடியிருப்பே கட்ட வேண்டியிருந்த நாடு இது. இன்று மாத்திரையிலேயே முழுதாகக் குணமாகிறது.

பால்மரத்துக்கும் முகத்துக்கும் இவ்வளவு தொடர்பா?

தோலை வெளுக்கச் செய்யும் வேதிப்பொருள்களைப் பற்றிய அறிவில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ரப்பர் கையுறையிலிருந்து! அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்குக் கையுறை மூடிய இடம் மட்டும் வெள்ளைவெளேர் என்று ஆனது. காரணம் தேடிய மருத்துவர்கள் 1939-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ரப்பர் கெடாமல் இருக்கக் கலந்த ஹைட்ரோகுயினோன் வகைப் பொருள் ஒன்று நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்களையே அழித்துவிடுகிறது. வெளுப்பூட்டும் மருந்துகளின் ஆராய்ச்சிக்கு அது ஒரு திறப்பு. நம் மக்கள் வெட்டி எடுத்த பால் உலகம் சுற்றிப் போய் இப்படியும் ஒரு கதையில் சேர்ந்திருக்கிறது!

நெற்றியில் ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் சிலருக்கு வெள்ளைத் திட்டு விழுகிறதே, அதற்கும் இதே மாதிரிக் காரணம்தான். பொட்டின் பசையில் உள்ள ஒரு பீனால் பொருள் நிற உயிரணுவைக் கொல்கிறது. திட்டு தெரிந்தால் ஒட்டுப்பொட்டை உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது பப்பாளி. பப்பாளிக்காயின் பாலில் உள்ள பாப்பேயின் இறைச்சியையே மிருதுவாக்கும் நொதி. பழத்தைக் கூழாக்கிச் சில நிமிடம் முகத்தில் வைத்துக் கழுவினால் செத்த தோல் கழன்று முகம் பளிச்சென்று ஆகும் என்பார்கள். ஆனால் ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குச் சில பழங்களும் ஒத்துக்கொள்வதில்லை. ரப்பரில் உள்ள புரதமும் அந்தப் பழங்களின் புரதமும் ஒரே சாயலில் இருப்பதால் உடல் ஏமாந்துபோகிறது. வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், பப்பாளி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கிறவர்கள், பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர்கள் பப்பாளியை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எலுமிச்சையை மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்

முகக் கறைக்கு எல்லாரும் முதலில் சொல்வது எலுமிச்சைச் சாறு. சாற்றின் அமிலத்தன்மை pH அளவுகோலில் 2-ஐ ஒட்டி இருக்கும், நம் தோலோ 5-ஐ ஒட்டி இருக்கும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் 10 மடங்கு என்பதால், இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம்! அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. எலுமிச்சை வகைகளில் பியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அது விழித்துக்கொண்டு தோலை எரிக்கும். கொப்புளம் கிளம்பும், பிறகு மாதக்கணக்கில் போகாத கருமை விழும். கறையைப் போக்கப் பூசியது கறையாகவே நின்றுவிடும்! நம் ஊர் வெயிலில் இந்த விளையாட்டே கூடாது.

வெற்றிலைக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. தைவானில் பெண்கள் வெற்றிலையை ஆவியில் வாட்டி முகத்தில் ஒட்டினார்கள். முதலில் வெளுத்தது, மகிழ்ந்தார்கள். பிறகு கறுத்தது, கடைசியில் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிட்டது. 1999-இல் அங்குள்ள தோல் மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்கா 1995-இல் காப்புரிமை கொடுத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் கொண்டுபோய்க் காட்டி வழக்காடியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது! நம் பாட்டிமாரின் அறிவு வென்ற நாள் அது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் கிழங்கில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அது வெளிச்சத்தில் சிதையும். சட்டையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் மறைவது அதனால்தான்! முகத்துக்கு இரவில் பூசிக் கழுவுவது நல்லது. தூளாக வாங்கினால் கலப்படம் இருக்கலாம். நிறம் கூட்டச் சேர்க்கும் ஈயக் குரோமேட் நஞ்சு. கிழங்காக வாங்கி நீங்களே அரையுங்கள்.

மலாய் வீடுகளில் பெடாக் செஜுக் பார்த்திருப்பீர்கள். அரிசியை வாரக்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அலசி அரைத்து, சொட்டுச் சொட்டாக வார்த்துக் காயவைத்த குளிர்ச்சி மாவு. தண்ணீரில் கரைத்து அப்பினால் எரிச்சல் தணியும். ஜப்பானில் அரிசியைப் புளிக்க வைக்கும் பூஞ்சையிலிருந்துதான் 1907-இல் கோஜிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. அது டைரோசினேஸின் செம்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கும்! பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் தனாக்கா எந்த மரம் தெரியுமா? பிள்ளையாருக்குப் படைக்கிறோமே, அந்த விளாம்பழத்தின் மரமும் அதன் உறவு மரமும்தான்! அதன் பட்டையிலுள்ள மர்மெசின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும்.

இத்தனைக்கும் மேலே ஒரு மருந்து இருக்கிறது. வெளிக்காட்டுக்குப் போன நம் பெண்கள் தலையில் துண்டைக் கட்டி, முகத்தைச் சுற்றி இழுத்து, அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார்களே, அதுதான்! மங்குக்கு முக்கியக் காரணம் மூன்று: வெயில், கர்ப்பகாலத்தில் மாறும் சுரப்புநீர்கள், பரம்பரை. இதில் நம் கையில் இருப்பது வெயில் ஒன்றுதான். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் மங்கைக் கூட்டும் என்று இப்போது உறுதியாகியிருக்கிறது. சாதாரண வெயில்காப்புக் களிம்பு அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. துணி தடுக்கும்! இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள களிம்பும் தடுக்கும். வெயிலை மறைக்காமல் எதைப் பூசினாலும் மங்கு திரும்பி வரும்.

பூச்சு வைத்தியத்தைவிட எனக்கு இன்று பெரிய கவலை சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் பெயர் தெரியாத முகக் களிம்புகள்தான். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது டைரோசினேஸின் செம்பைத் தள்ளிவிட்டு நொதியை முடக்குகிறது, முகம் வேகமாக வெளுக்கிறது. பிறகு சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு மருத்துவமனைக்கு வந்த குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயாளிகளில் 15 பேரைப் பார்த்தபோது, 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! பூசியவரோடு போவதில்லை, துண்டு வழியாகவும் தலையணை வழியாகவும் வீட்டுக் குழந்தைக்கும் பாதரசம் போகும். மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை இப்படிப்பட்ட பொருள்களின் பதிவை அடிக்கடி ரத்துச் செய்து பெயரோடு வெளியிடுகிறது. மூடியைத் திறக்கும் முன் முகமையின் இணையப் பக்கத்தில் களிம்பின் பெயரைத் தேடி, அது அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். பதிவே இல்லாத களிம்பை, அத்தையே கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

எதைப் பூசுவதாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி 2 நாள் பொறுத்திருந்து பாருங்கள். 2 மாதம் செய்தும் கறை அசையவில்லை என்றால் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அரசு மருத்துவமனைத் தோல் நிபுணரைப் பார்க்கவும் அதிகம் ஆகாது. முகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுக்கும் முன் இந்தச் சில வெள்ளியைச் செலவழியுங்கள்.